கொமோடோ உடும்பும் கன்னி மரியாளும்



கிறிஸ்மஸ் நெருங்கும்போதெல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தி நம்மிடையே வலம் வருகிறது. ஆண் துணையின்றி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த ஓர் உடும்பின் படம். அதன் கீழே, கன்னிப் பிறப்பை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்ற முழக்கம். இவ்வாண்டு அது எனக்கு மூன்று முறை வந்தது. மூன்றையும் அனுப்பியவர்கள் நம் சபையாரே. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே வாதத்தை நானே பிரசங்க பீடத்திலிருந்து பேசியிருக்கிறேன். ஆராதனை முடிந்ததும், கல்லூரியில் விலங்கியல் பயிலும் நம் சபையின் மகள் ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, அப்படியானால் இயேசு பெண்ணாக அல்லவா பிறந்திருக்க வேண்டும்?” என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன்.

அவள் கேட்டது நியாயமே. உடும்புச் செய்தி பொய்யன்று. 2006ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஃப்ளோரா என்னும் கொமோடோ உடும்பைப் பற்றி ‘நேச்சர்’ ஆய்விதழ் எழுதியது. தேனீக்களிலும் கருவுறாத முட்டையிலிருந்தே ஆண் ஈ பிறக்கிறது. 1845இல் இதை எடுத்துரைத்த யோகான் ட்சியெர்சோன் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால் மனிதரின் காரியம் வேறு. அமீபா இரண்டாகப் பிளக்கும்போதும், ஹைட்ரா அரும்பு விடும்போதும், நம் காயம் ஆறும்போதும், செல் தன்னிடமுள்ள மரபுப் பொருள் முழுவதையும் படியெடுத்து இரு பங்காக்கிக் கொடுக்கிறது. தாயின் கருமுட்டை உருவாகும் பிரிவிலோ 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறைகின்றன. மீதி 23 தகப்பனிடமிருந்து வரவேண்டும். ஆணாக்கும் ஒய் குரோமோசோம் தாயிடம் இல்லவே இல்லை. பெண் கொமோடோவிடம் இருவகைப் பால் குரோமோசோம்களும் உண்டு. ஆகவே அதன் தகப்பனில்லாக் குஞ்சுகள் ஆணாகவே பிறக்கின்றன. மனிதரில் அப்படி ஒன்று நேருமானால் பிறப்பது மகளாகவே இருக்கும்.

மகளும் பிறக்க இயலாது. சில மரபணுக்களில் தகப்பன்வழி வந்த படி மட்டுமே பேசும், தாய்வழிப் படி மௌனமாயிருக்கும். வேறு சிலவற்றில் நேர்மாறு. இரண்டும் இல்லாமல் பாலூட்டிகளின் கரு நிலைக்காது. 2004இல் ஜப்பானில் இரு தாய்களின் முட்டைகளை இணைத்து ஒரு சுண்டெலியைப் பிறப்பித்தார்கள். அதற்கும் மரபணுவை மாற்ற வேண்டியிருந்தது, பிறந்ததும் பெண்ணே. பெண்ணின் சூலகத்தில் கருவுறாத முட்டை தானாகப் பிரியத் தொடங்கினால் அது குழந்தையாவதில்லை. முடியும் பல்லும் கொண்ட கட்டியாகிறது. டெர்மாய்டு கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகள் நம் சபையிலும் உண்டு. இதையா நம் ஆண்டவரின் பிறப்புக்குச் சாட்சியாக நிறுத்துவது?

லூக்கா முதலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இது எப்படி ஆகும் என்று மரியாளே தேவதூதனிடம் கேட்கிறாள். நாசரேத்தின் அந்த ஏழைப் பெண்ணுக்குக் குரோமோசோம் தெரியாது. ஆனால் புருஷனின்றிப் பிள்ளை பிறவாது என்பது தெரியும். யோசேப்புக்கும் தெரியும்; அதனால்தான் அவன் அவளை இரகசியமாகத் தள்ளிவிட நினைத்தான். தூதனும் எங்கேனும் ஒரு பிராணியைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. பரிசுத்த ஆவியானவரின் செயல் என்றான். அதை உடும்புக்கு நடப்பதுபோன்ற ஒன்று என்று சொல்கிறவன், தான் விசுவாசத்துக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டே அற்புதத்தை மறுதலிக்கிறான். விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவது அரிய இயற்கை நிகழ்வு ஒன்றையா?

ஏவாள் ஆதாமின் விலா எலும்பிலிருந்து எடுக்கப்பட்டதை குளோனிங் என்று சொல்லும் காணொளியும் இப்போது சுற்றுகிறது. அதையும் இதே கூடையில் போடுங்கள்.

நம் பிள்ளைகள் இந்தப் பாடங்களைப் பள்ளியில் படிக்கிறார்கள். நாம் தவறாகச் சொல்வதை அவர்கள் கண்டுகொள்கிறார்கள். அந்த மகளைப்போல் முகத்துக்கு நேரே கேட்கிறவர்கள் சிலரே. மற்றவர்கள் மௌனமாக எழுந்துபோய்விடுகிறார்கள், பிறகு ஆராதனைக்கும் வருவதில்லை. என் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று நான் கர்த்தருக்கு முன்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆராதனையில், அன்று நான் சொன்னது தவறு என்று சபைக்கு முன்பாக அறிக்கையிடுவேன். மாலை வாலிபர் கூடுகையில் அந்த மகள் செல் பிரிவைப் பற்றிப் பேசுவாள். நான் கேட்பவர்கள் வரிசையில் அமர்ந்திருப்பேன். அந்த மூன்று செய்திகளை எனக்கு அனுப்பியவர்களும் வரவேண்டும்.