கர்ஸன் பிரபு பிறந்த வீடு

சீமைக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களில் பெரும்பாலோர் லண்டன் பட்டணத்தைப் பார்த்ததோடு இங்கிலாந்து முழுவதையும் பார்த்துவிட்டதாகவே எண்ணிக் கொள்கிறார்கள். பாராளுமன்றத்தின் மணிக்கூண்டு, அரண்மனை வாசலில் பாராச் சிப்பாய்கள் முறை மாறும் வேடிக்கை, தேம்ஸ் நதியின் பாலங்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுக் கேட்டு நேயர்களுக்கும் அலுத்துப் போயிருக்கும். ஆகையால் இந்த வாரம் லண்டனை விட்டுவிட்டு, அங்கிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் உள்ள டெர்பிஷையர் என்னும் ஜில்லாவுக்கு நேயர்களை அழைத்துச் செல்ல உத்தேசம்.

அழகான பிரதேசம் அது. மலைச் சரிவுகளும், ஓடைகளும், ஆடு மேயும் புல்வெளிகளும், சுண்ணாம்பு சேர்க்காமல் கல்லை அடுக்கியே எழுப்பிய வேலிச் சுவர்களும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரியும். 1951-ஆம் வருஷத்தில் பிரிட்டன் தன் முதல் தேசியப் பூங்காவை அமைத்தபோது, அதன் பெரும் பகுதி இந்த ஜில்லாவிலேயே அமைந்தது. ஆயினும், இங்கே நாம் பார்க்கப் போவது மலையையும் ஓடையையும் அல்ல. பிரபுக்களின் பழைய மாளிகைகளைப் பார்க்கப் போகிறோம்.

"நம்மை ஆண்டவர்களின் வீடுகளை நாம் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஹார்ட்விக் மாளிகை. இதைக் கட்டியவள் ஒரு ஸ்திரீ. எலிஸபெத் என்ற அந்தச் சீமாட்டி, இதே ஹார்ட்விக்கில் நடுத்தரமான ஒரு நிலச்சுவான்தார் குடும்பத்தில் பிறந்தவள். நான்கு முறை விவாகம் செய்து கொண்டாள். ஒவ்வொரு விவாகத்திலும் அவளுடைய செல்வமும் அந்தஸ்தும் ஒரு படி உயர்ந்தன. நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590-ல் இறந்தபோது அவளுக்கு அறுபது வயது கடந்திருந்தது. வேறொருத்தியாயிருந்தால் ஜெபமாலையைக் கையில் எடுத்திருப்பாள். இவளோ கொத்தனார்களைக் கூப்பிட்டாள். அவ்வருஷம் ஆரம்பித்த வேலை 1597-ல் குடிபுகும் நிலைக்கு வந்தது. கண்ணாடி வெகு விலை விற்ற அந்தக் காலத்தில், சுவரை விடக் கண்ணாடியே அதிகம் என்று சொல்லும்படி பிரம்மாண்டமான ஜன்னல்களை வைத்தாள். மாடிக்கு மாடி ஜன்னல்களின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. போதாததற்கு, ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துக்களைக் கல்லிலே செதுக்கி நிறுத்தினாள். வெகு தூரத்தில் வருகிற வழிப்போக்கனுக்கும் வீட்டுக்காரி யார் என்ற சந்தேகம் வரக்கூடாதல்லவா!

அவளுடைய இரண்டாவது கணவரின் வழியில் வந்தவர்களே டெவன்ஷையர் பிரபுக்கள். அவர்களுடைய சாட்ஸ்வொர்த் மாளிகை அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது. அங்கே மலைச்சரிவில் 24 படிக்கட்டுகளாக நீர் வழிந்து வருகிறது. மாளிகைக்கு எதிரே ஒரு நீரூற்று இருக்கிறது. ருஷியச் சக்கரவர்த்தி நிக்கோலஸ் வருவார் என்று எதிர்பார்த்து, 1844-ல் ஜோஸப் பாக்ஸ்டன் என்ற தோட்ட நிர்வாகி அதை அமைத்தார். மேலே காட்டில் எட்டு ஏக்கர் விஸ்தீரணத்தில் ஓர் ஏரி வெட்டி, அந்த நீரின் வேகத்தைக் கொண்டே, யந்திரம் எதுவுமில்லாமல், 290 அடிக்கு மேல் நீர் எழும்பும்படி செய்தார். சக்கரவர்த்தி இங்கிலாந்துக்கு வந்தார், சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. நீரூற்று மட்டும் அவருக்காக இன்னும் எழும்பிக் கொண்டிருக்கிறது.

இந்தப் பாக்ஸ்டனைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 1830-ஆம் வருஷத்தையொட்டி, மோரிஷியஸிலிருந்து வந்த ஒரு வாழைக் கன்றை அவர் இங்கே கண்ணாடி வீட்டில் வைத்து வளர்த்தார். எஜமானரின் குடும்பப் பெயரால் அதற்குக் காவண்டிஷ் என்று பெயரிட்டார்கள். இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழைப்பழத்தில் பெரும் பங்கு அந்த இனத்தைச் சேர்ந்தது. நம் ஊர் சந்தைகளில் ஜி-9 என்று குவிந்து கிடக்கும் பழமும் அந்த இனந்தான். வாழை விளையாத தேசத்துப் பிரபுவின் பெயரை வாழைக்கு வைத்ததில் ஏதோ ஒரு வேடிக்கை இருக்கிறது.

மாளிகைகளை விட்டு, டெர்வெண்ட் நதிப் பள்ளத்தாக்கில் இறங்கினால் கிராம்போர்டு என்ற சிறிய ஊர். இங்கே அலங்காரத் தூண்களோ பூந்தோட்டமோ கிடையாது. கோட்டை மதில் போன்ற சுவர்களுடன் ஒரு பழைய மில் இருக்கிறது. 1771-ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்பவர் தண்ணீரின் சக்தியால் பஞ்சு நூற்கும் யந்திரங்களை இங்கே நிறுவினார். பன்னிரண்டு மணி நேரம் கொண்ட இரண்டு முறைகளாக இரவும் பகலும் வேலை நடந்தது. வேலை செய்தவர்களில் ஏராளமானவர் குழந்தைகள். 2001-ல் இந்தப் பள்ளத்தாக்கின் மில்கள் உலக பாரம்பரிய ஸ்தலமாக அங்கீகாரம் பெற்றன.

இந்த மில்லின் முன்னால் நிற்கும் இந்தியன் ஒரு விஷயத்தை நினைக்காமல் இருக்க முடியாது. நம் தேசத்துச் சீட்டித் துணியை இங்கிலாந்தின் பெண்மணிகள் அளவு கடந்து விரும்பிய காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுப்பதற்கு 1700-லும் 1721-லும் அந்தப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. ஆர்க்ரைட் போன்றவர்கள் பஞ்சு நூலிலேயே துணி நெய்ய வழி கண்ட பிறகு, 1774-ல் உள்நாட்டுத் துணிக்கு மட்டும் அந்தத் தடை நீங்கியது. கதவைச் சாத்திக் கொண்டு தொழில் கற்றவர்கள், கற்ற பிறகு நம் கதவைத் திறந்து கொண்டு வந்தார்கள். நம் ராட்டினங்களும் தறிகளும் ஓய்ந்த கதையின் முதல் அத்தியாயத்தில் கிராம்போர்டுக்கு ஓர் இடம் உண்டு. ஆயினும், பன்னிரண்டு மணி நேரம் நின்று நூல் முடிந்த அந்த ஊர்க் குழந்தைகளின் மேல் நமக்குக் கோபம் வர நியாயமில்லை. 1931-ல் லங்காஷயருக்குச் சென்று, வேலையிழந்த மில் தொழிலாளரைச் சந்தித்த காந்தி மகானும் இதையே நமக்குக் காட்டினார்.

இனி, கெடில்ஸ்டன் மாளிகைக்குப் போவோம். டெர்பி நகரத்திலிருந்து சில மைல் தூரந்தான். 1759-ஆம் வருஷத்தையொட்டி ஸர் நதானியல் கர்ஸன் இதைக் கட்ட ஆரம்பித்தார். ராபர்ட் ஆடம் என்ற சிற்பி வந்து இதன் மகோன்னதத்தைப் பூர்த்தி செய்தார். உள்ளே நுழைந்ததும் 20 பளிங்குத் தூண்கள் தாங்கும் ஒரு மண்டபம். அதற்கு அப்பால், ரோமாபுரிக் கோயிலைப் போல் வட்ட விமானம் கொண்ட ஒரு கூடம். பின்புறத்து முகப்பு ரோமாபுரியிலுள்ள கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவை அனுசரித்தது.

இவ்வளவு அழகுக்கும் இடம் வேண்டுமல்லவா? ஆகவே, அங்கே இருந்த கிராமத்தையே வேறிடத்திற்கு அப்புறப்படுத்தினார்கள். கிராமத்தாரின் மாதா கோயில் மாத்திரம் மாளிகையின் பக்கத்தில் தனியாக நிற்கிறது. சாட்ஸ்வொர்த்திலும் பிற்காலத்தில் இதே காரியம் நடந்தது. பிரபுவின் ஜன்னலிலிருந்து பார்த்தால் குடியானவனின் குடிசை தெரியக்கூடாது என்பது அக்காலத்துச் சௌந்தரிய சாஸ்திரம்.

கெடில்ஸ்டனுக்கு நான்கு சிறகுகள் வைப்பதாகத் திட்டம். இரண்டே கட்டி முடிந்தன. ஆனால் 1799-க்கும் 1803-க்கும் இடையில் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் மாளிகையைக் கட்டியபோது, இதே கெடில்ஸ்டனை மாதிரியாக வைத்துக் கொண்டார்கள். அங்கே நான்கு சிறகுகளும் எழுந்தன. இங்கிலாந்தின் பிரபுவால் சொந்தச் செலவில் முடிக்க இயலாதது இந்தியாவில் முடிந்ததென்றால், பணம் யாருடையது என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கு வங்காளத்தின் கவர்னர் இன்று வசிப்பது அந்த மாளிகையில்தான்.

1859-ல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் நதானியல் கர்ஸன், நாற்பது வயது நிரம்புவதற்கு ஐந்து நாட்கள் இருக்கையில், 1899 ஜனவரியில், இந்தியாவின் ராஜப் பிரதிநிதியாகப் பதவி ஏற்றார். மூல வீட்டில் பிறந்தவர் நகல் வீட்டில் கொலுவிருந்தார்.

அவருடைய ஆட்சி எப்படி இருந்ததென்று சரித்திரம் அறியும். 1899-லும் 1900-லும் கொடிய பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். 1903 ஜனவரியில் டில்லியில் அவர் நடத்திய தர்பாரின் ஆடம்பரம் உலகத்தையே பிரமிக்கச் செய்தது. 1905 அக்டோபர் 16-ஆம் தேதி வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். அதனால் மூண்டதே சுதேசி இயக்கம். அந்த நெருப்பின் பொறிதான் 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையைச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கச் செய்தது. 1911-ல் பிரிவினை ரத்தாயிற்று.

கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில், கர்ஸன் கீழ்நாடுகளில் சேகரித்த பொருள்களுக்கென்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. தந்த வேலைகளும், வெள்ளிப் பாத்திரங்களும், ஆயுதங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெயர் பெற்றது ஒரு கௌன். 1903-ஆம் வருஷத்துத் தர்பாரை ஒட்டி நடந்த நடன விருந்தில் கர்ஸன் சீமாட்டி அணிந்தது. மயில் தோகைகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்தாற்போல் தங்க, வெள்ளி ஜரிகையினால் பின்னிய துணி. ஒவ்வொரு தோகையின் கண்ணிலும் பச்சையாக மின்னும் வண்டின் சிறகு. இந்தியக் கைவேலைக்காரர்கள் பூத்தையலை முடித்து அனுப்ப, பாரிஸ் நகரத்துத் தையற்சாலை அதைக் கௌனாக்கியது. நிறை சுமார் பத்து ராத்தல்.

இதன் முன்னால் நிற்கும்போது மனம் இரண்டாகிறது. இவ்வளவு நேர்த்தியான வேலையா என்று கை கூப்பத் தோன்றுகிறது. பஞ்சம் ஓய்ந்து மூன்று வருஷங்கூட ஆகாத தேசத்தில் இது ஜொலித்தது என்ற நினைவும் உடனே வருகிறது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை மறக்க வேண்டியதில்லை.

கர்ஸனிடத்திலும் இந்த இரண்டு உண்மைகள் உண்டு. நம் தேசத்தின் பழைய கோயில்களையும் கட்டிடங்களையும் காப்பதற்கு 1904-ல் சட்டம் செய்தவர் அவரே. 1902-ல் ஜான் மார்ஷலைப் புராதன வஸ்து இலாகாவுக்குத் தலைவராக நியமித்தவரும், தாஜ்மஹாலின் தோட்டத்தைச் சீர்ப்படுத்தி அங்கே ஒரு விளக்கைக் காணிக்கையாகத் தொங்கவிட்டவரும் அவரே. ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சிரத்தை அவரை விடவில்லை. லிங்கன்ஷையரில் டாட்டர்ஷால் என்ற பழைய கோட்டையின் கணப்புகளைப் பெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பப் பார்த்தபோது, 1911-ல் கோட்டையை விலைக்கு வாங்கி, கணப்புகளையும் மீட்டுக் கொண்டு வந்தார். பழங் கட்டிடங்களைக் காக்கும் 1913-ஆம் வருஷத்துச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியதற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம். கற்களிடம் இவ்வளவு இரக்கம் காட்டியவர், அக்கற்களிடையே வாழ்ந்த ஜனங்களின் குரலைக் கேட்க மறுத்தாரே என்பதுதான் நம் மனஸ்தாபம்.

காக்க ஆளில்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஜில்லாவிலேயே சான்று இருக்கிறது. ஸட்டன் ஸ்கார்ஸ்டேல் மாளிகையை முதல் உலக யுத்தம் முடிந்ததும் வியாபாரிகள் வாங்கி, கூரையைப் பிரித்து, அறைகளின் மர அலங்காரங்களை விற்றுவிட்டார்கள். அந்த அறைகளில் சில அமெரிக்காவில் பிலடெல்பியா காட்சிசாலையில் இருக்கின்றன. சுவர்கள் மாத்திரம் இங்கே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தில் இப்படி அழிந்த மாளிகைகள் ஆயிரத்துக்கு மேல். மிஞ்சியவற்றில் பலவற்றை, 1895-ல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனம் ஏற்று நடத்துகிறது. ஹார்ட்விக் 1959-லும், கெடில்ஸ்டன் 1987-லும் அதன் கைக்கு வந்தன.

2020-ல் அந்த ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அடிமை வியாபாரத்தோடும் குடியேற்ற நாடுகளின் ஆட்சியோடும் தொடர்புள்ள 93 இடங்கள் தன்னிடம் இருப்பதை அதில் ஒப்புக் கொண்டது. கெடில்ஸ்டனும் அவற்றில் ஒன்று. பாராளுமன்ற அங்கத்தினர் சிலர் கோபம் கொண்டார்கள். தேச சரித்திரத்தைக் கறைப்படுத்துகிறார்கள் என்று புகார் எழுந்தது. வீட்டுக் கணக்கில் வரவை மட்டும் எழுதி, அது வந்த வழியை எழுதாமல் விட்டால் கணக்கு சரியாகுமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மாளிகையை அடுத்த மாதா கோயிலில், 1906-ல் காலமான இளம் மனைவியின் பக்கத்தில், 1925 முதல் கர்ஸன் உறங்குகிறார். சலவைக் கல்லில் இருவருடைய உருவங்களும் அருகருகே சயனித்திருக்கின்றன. அங்கே நின்றபோது எனக்குப் பகைமை தோன்றவில்லை, பக்தியும் தோன்றவில்லை.

ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நம் சரித்திரத்தின் சில ஏடுகள் நம் தேசத்தில் இல்லை. அவை டெர்பிஷையரின் கண்ணாடிப் பெட்டிகளிலும், மில் சுவர்களிலும், கிராமம் இருந்து மறைந்த புல்வெளிகளிலும் கிடக்கின்றன. சீமைக்குப் போகும் நேயர்கள் லண்டனில் ஒரு நாளைக் குறைத்துக் கொண்டு அங்கே போய் வர வேண்டும். கௌனைப் பார்க்கும்போது அதைப் பூத்தைத்த விரல்களை நினைக்க வேண்டும். போய்ப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.