கொலைக்குப் பெயர் அனுபவமா?

கீழக்குயில்குடிச் சமணர் மலையில், செட்டிப்புடவுக் குகையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். அவர் போதித்த கொல்லாமையை நம் மரபென்று பெருமை பேசுகிறோம். பிள்ளைக்கு முதல் பாத்திரமேற்பு வீடியோ கேம் வாங்கும்போதோ விலையையும் வண்ணத்தையும் மட்டுமே விசாரிக்கிறோம்.

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் எதிரியை வீழ்த்தினால்தான் ‘அனுபவப் புள்ளி’ சேரும். கொலைக்கு அனுபவம் என்று பெயர்! 2015இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய ‘அண்டர்டேல்’ இதை மறுக்கிறது. ஒருவரையும் கொல்லாமல், பேசியும் மன்னித்தும் அதை முடிக்கலாம். கொன்றால் விளையாட்டு அதை மறப்பதில்லை.

ஆங்கிலமாயிற்றே என்பீர்கள். அதனால்தான் பரிந்துரைக்கிறேன்: பெற்றவர் அருகமர்ந்து தமிழில் கதை சொல்லியாக வேண்டும். ஓங்கிய வாளைத் தாழ்த்த வழிவிடாத விளையாட்டு, பிள்ளையின் முதல் விளையாட்டாக வேண்டாம்.