கைத்துப்பாக்கிக்குப் பெட்டி தேடும் தம்பிகளுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்காவில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் ஒருவர், கிரீன் கார்டு வந்த பிறகு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். வீட்டில் வைக்க எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டார். வந்த பதில்களைப் பாருங்கள். "கைரேகைப் பெட்டி வாங்கு, ஒரே செகண்ட்ல திறக்கும்." "பெட்டியே வேண்டாம், அலமாரி மேல வை, பசங்களுக்கு எட்டாது." "திருடன் வரும்போது பூட்டைத் திறந்துகிட்டா இருப்பே?" நான் மறுத்து எழுதியதும், "டீச்சர், துப்பாக்கியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு கேள்வி.

துப்பாக்கி சுட எனக்குத் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளையைத் தெரியும். 33 வருடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில், "எட்டாது" என்ற பேச்சு. முறுக்கு டப்பாவை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு எடுக்காத பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 2023 ஜனவரி 6 அன்று வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸ் நகரில், ஒன்றாம் வகுப்புப் பையன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே சுட்டான். வயது ஆறு. துப்பாக்கி அம்மாவுடையது. உயரமான தட்டில், பூட்டுப் போட்டு இருந்தது என்று குடும்பத்தின் வழக்கறிஞர் சொன்னார். புலனாய்வில் எந்தப் பூட்டும் கிடைக்கவில்லை. இழுப்பறை மேல் ஏறி, அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்ததாகப் பையனே சொன்னான். ஆசிரியை உயிர் பிழைத்தார். அம்மா சிறைக்குப் போனார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, "திருடன் வந்தால்?" சரி, வரட்டும். திருடன் உங்கள் வீட்டுக்கு என்றாவது ஒரு நாள் வரலாம், வராமலே போகலாம். உங்கள் பிள்ளை தினமும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. பழகிய கைக்கு நல்ல பெட்டியைத் திறக்கச் சில நொடி போதும். அந்தச் சில நொடியை மிச்சப்படுத்தவா பிள்ளையைப் பணயம் வைப்பது? அமெரிக்காவில் 2020 முதல், 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். சாலை விபத்தையே அது முந்திவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதைப் பேசவே மாட்டோம். அந்த நாட்டின் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. "என் பையனுக்கு 16 வயசு, விவரம் தெரிஞ்சவன், அவனுக்கு எதுக்குப் பூட்டு?" என்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். மதிப்பெண், கல்லூரி இடம், காதல், தனிமை என்று பதின்வயதுப் பிள்ளைக்கு ஒரு மோசமான இரவு வரத்தான் செய்யும். அந்த இரவைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கடக்கும்வரை துப்பாக்கி கைக்குக் கிடைக்கக் கூடாது. விவரம் தெரிந்த பிள்ளைக்குத்தான் இன்னும் நல்ல பூட்டு தேவை.

இப்போது "கைரேகைப் பெட்டி" சிபாரிசுக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரெஸ் நிறுவனத்தின் கைரேகைப் பெட்டகங்கள் சுமார் 61,000 திரும்பப் பெறப்படுவதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த பிறகு வந்த அறிவிப்பு அது. உரிமையாளர் தன் விரலைப் பதித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். பெட்டியோ பதிவு எதுவும் ஏறாத நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் யார் விரல் வைத்தாலும் திறக்கும். அடுத்த ஆண்டு வேறு சில நிறுவனங்களின் பெட்டிகளும் இதே காரணத்தால் திரும்பப் பெறப்பட்டன. திறக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அடுத்தவருக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பேட்டரி இல்லாத, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு நல்லது. இருட்டிலும் விரல் தடவித் திறக்கலாம்.

2. தகடு குறைந்தது 16 கேஜ், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன். கூடினால் நல்லது என்று ஏமாறாதீர்கள்.

3. தரையிலோ கனமான மர அலமாரியிலோ உள்ளிருந்து போல்ட் போட்டு முடுக்குங்கள். முடுக்காத சின்னப் பெட்டியைத் திருடன் துப்பாக்கியோடு கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவான்.

4. துப்பாக்கியை வைக்கும் முன் காலிப் பெட்டியைப் பூட்டிக் குலுக்குங்கள், தட்டுங்கள், ஒரு சாண் உயரத்திலிருந்து மெத்தையில் போடுங்கள். மலிவான மின்பூட்டு சில அதிர்ச்சியிலேயே திறந்துகொள்ளும். கைரேகைப் பெட்டியானால் வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்கள் விரலையும் வைத்துப் பாருங்கள். திறந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

5. கடையிலிருந்து வந்த எண்ணை மாற்றுங்கள். மிஷிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் பள்ளியில் நான்கு பேரைக் கொன்றான். அவன் வீட்டிலிருந்த பெட்டகத்தின் எண் 0-0-0. அவன் பயன்படுத்திய துப்பாக்கியோ பெட்டகத்திலேயே இல்லை. அதோடு வந்த கேபிள் பூட்டும் பயன்படுத்தப்படவில்லை. பெற்றோர் இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை. நம்மவர்களோ பிள்ளையின் பிறந்த தேதியை எண்ணாக வைப்பார்கள். பிள்ளைக்குத் தெரியாத தேதியா அது?

6. மாற்றுச் சாவியைப் பூஜை அறையிலோ அஞ்சறைப் பெட்டியிலோ ஒளிக்காதீர்கள். பிள்ளை முதலில் பார்க்கும் இடமே அதுதான்.

7. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பெட்டி தேடும் முன் சட்டத்தைப் பாருங்கள். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம்.

என் கருத்து கேட்டால், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கைத்துப்பாக்கியே வேண்டாம். அங்கே சட்டம் அனுமதிக்கிறது, வாங்குவது உங்கள் உரிமை என்பீர்கள். சரி. உரிமை கொடுத்த சட்டம் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்கவில்லை. நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்கிவிட்டு, பெட்டிக்கு மட்டும் ஆகக் குறைந்த விலை தேடுவது என்ன கணக்கு?

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று. பேரப்பிள்ளையை விளையாட ஒரு வீட்டுக்கு அனுப்பும்போது, "நாய் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா" என்று கேட்கிறோம். "துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா" என்றும் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். பிள்ளை வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் குடும்பக் குழுக்களில் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "எட்டாது" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.