ஏன் பிரதியிடுகிறோம்?

கடிகாரம் 3 விநாடி காட்டும்போது ஒரு கல்லை விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால், கல் 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் நேரத்தை (ந) இச்சமன்பாடு தரும்:

(ந – 3)² – 5(ந – 3) + 4 = 0

உடனே அடைப்புக்குறிகளை விரிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். என்ன அவசரம்? ந – 3 = ப எனப் பிரதியிடுங்கள். ப² – 5ப + 4 = 0. காரணிப்படுத்தினால் (ப – 1)(ப – 4) = 0. ஆகவே ப = 1 அல்லது 4.

பிரதியிடுதலைப் பரீட்சைத் தந்திரமாகக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லை எறிந்த கணத்திலிருந்து நேரத்தை எண்ணுகிறோம், அதுதான் ‘ப’. ஆனால் கேட்டது கடிகார நேரமாயிற்றே! 3-ஐக் கூட்டுங்கள்: ந = 4 அல்லது 7. இவற்றுள் ஒன்றை அடித்துவிடாதீர்கள். கடிகாரம் 4 காட்டும்போது கல் ஏறிக்கொண்டிருக்கிறது. 7 காட்டும்போது இறங்கிக்கொண்டிருக்கிறது.