பூரானுக்குப் பேர் வைப்பது வெட்டி வேலையா?

பூரானைக் கண்டதும் செருப்பைத் தேடுகிற ஊரில், அதற்கு லத்தீன் பெயர் வைக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டு இதையும் படியுங்கள்.

1758-ல் லின்னேயஸ் பெயர் வைத்தபோது, தெரிந்த பூரான்களையெல்லாம் ஸ்கோலோபென்ட்ரா என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். சுவரில் ஓடுகிற நீளக்கால் பூரானும் அதில்தான் இருந்தது. இன்று அவை ஐந்து வரிசைகள், 3000-க்கும் மேற்பட்ட இனங்கள். கால்கள் 15 ஜோடியிலிருந்து 191 ஜோடிவரை. வளர்ந்த பூரானில், அபூர்வமான பிறழ்வுகளை விட்டால், ஜோடிக் கணக்கு ஒற்றைப்படைதான். ஆக, 'நூறுகாலி'க்குச் சரியாக நூறு கால் கிடையாது. (ஐம்பது இரட்டைப்படை ஆச்சே!)

சரி, இதனால் யாருக்கு லாபம்? ஆசியாவின் பல பெரிய பூரான்களை நெடுங்காலம் 'சப்ஸ்பினிபெஸ்' என்ற ஒரே இனத்தின் கிளைகளாகத்தான் எழுதிவந்தார்கள். 2012-ல் வந்த ஒரு மறுஆய்வு அவற்றில் பலவற்றைத் தனி இனங்களாக்கியது. அதில் ஒன்று 'மியூட்டிலன்ஸ்', சீன நாட்டு வைத்தியத்தில் காயவைத்து விற்கும் பூரான். அதன் விஷத்தில் வலியைத் தடுக்கும் பொருள் இருப்பதாக 2013-ல் அறிவித்தார்கள். அந்தப் பொருளின் பெயர் எஸ்எஸ்எம்6ஏ. அதில் வரும் 'எஸ்எஸ்எம்', ஸ்கோலோபென்ட்ரா சப்ஸ்பினிபெஸ் மியூட்டிலன்ஸ் என்ற பழைய பெயரின் சுருக்கம்! பூரான் கணக்கு மாறிவிட்டது, மருந்து பழைய கணக்கிலேயே நிற்கிறது.

பழைய கட்டுரைகளில் வெறும் 'சப்ஸ்பினிபெஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தப் பூரான்? ஐந்து கடன்காரர்களை ஒரே பேரேட்டுக் கணக்கில் எழுதிவிட்டு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தேடுகிற கதைதான்.

எல்லாவற்றுக்கும் எப்போதோ பேர் வைத்தாகிவிட்டது என்பவர்களுக்கு ஒரு தகவல். நியூயார்க் நகரின் நடுவில், சென்ட்ரல் பார்க்கின் இலைச் சருகிலிருந்து எடுத்த குட்டிப் பூரானுக்கு 2003-ல் புதுப் பேரினமே உருவாக்க வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பூரான் ஒன்றுக்கு 'அகஸ்தியமலையென்சிஸ்' என்று பெயர் கிடைத்தது 2018-ல்தான். பெயரே இல்லாத ஒன்றைப் பாதுகாக்க வேண்டிய பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

விஷத்தை ஆராயப் பணம் ஒதுக்குகிறவர்கள், அது எந்தப் பூரான் என்று சொல்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கட்டும். விஷம் எடுத்த பூரான்களில் ஒன்றையாவது ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு அருங்காட்சியகத்தில் கொடுப்பதையும் கட்டாயமாக்கலாம். நாளைக்குப் பெயர் பத்து தடவை மாறினாலும், பாட்டிலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.