மலையை வளர்க்கும் வித்தை

நேயர்கள் ஒரு கணம் தங்கள் சுட்டு விரலை மூக்குக்கு நேரே நிறுத்தி, இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பார்க்க வேண்டுகிறோம். விரல் அசையாதிருந்தும் இடமும் வலமுமாகத் தாவுவதுபோல் தோன்றும். தூரத்துச் சுவரோ அவ்வளவு தாவாது. அண்மை சேய்மைகளை நமக்கு உணர்த்துவதில் இந்தத் தாவலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நிய கிரகங்களின் மேடுபள்ளங்களை, அங்கே காலடி வைக்காமலே அளந்துவிடும் வித்தைக்கும் இதுவே ஆதாரம்.

2008-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி நமது தேசம் அனுப்பிய சந்திரயான்-1 விண்கலத்தில், ஆமதாபாத்தில் உருவான காமிரா ஒன்று இருந்தது. அதற்குப் பார்வை மூன்று. ஒன்று 25 பாகை முன்னே நோக்கும். ஒன்று நேர் கீழே. மற்றொன்று 25 பாகை பின்னே. 100 கிலோமீட்டர் உயரத்தில் கலம் செல்லச் செல்ல, சந்திரனிலுள்ள ஒரே குன்று மூன்று கோணங்களில் பதிவாயிற்று. 100 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சி, முதற் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே அடிவாரத்தை நோக்கச் சுமார் 93 மீட்டர் விலகிக் காணும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 5 மீட்டர். ஆகவே 18 அல்லது 19 புள்ளிகள். அவற்றை எண்ணினால் உயரம் கிடைத்துவிடுகிறது!

எண்ணுவது மனிதனல்ல, கணிப்பொறி. ஒரு படத்தின் சிறு துண்டை எடுத்து, மற்றப் படத்தில் அதன் ஜோடியைத் தேடுகிறது. இவ்வாறு லட்சக்கணக்கான இடங்களுக்கு உயரம் குறித்த எண்களின் தொகுதியே தரைமாதிரி. ஆனால் கன்னங்கரிய நிழலிலும், அடையாளமற்ற வழவழப்பான சமவெளியிலும் ஜோடி அகப்படுவதில்லை. அந்த ஓட்டைகளைச் சுற்றுப்புற உயரங்களைக் கொண்டு அனுமானமாய் அடைப்பதுண்டு. பிறகு புகைப்படத்தை அதன்மேல் போர்வைபோல் போர்த்தி, வேண்டிய திசையிலிருந்து வெளிச்சமிட்டுத் திரையில் காட்டும்போது, அளந்த மேடு எது, அடைத்த மேடு எது என்று நம் போன்றவர்களால் சொல்ல முடியுமா?

அடைப்பதாவது போகட்டும், நீட்டுவது அதினும் விபரீதம். 1990 முதல் 1994 வரை சுக்கிரனைச் சுற்றிய அமெரிக்க மெகல்லன் கலம், மேகத் திரையை ராடாரால் ஊடுருவிக் கண்ட மாட் என்னும் எரிமலையின் படத்தை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். வானளாவிய சிகரம்! உண்மையிலோ மலையின் உயரம் சுமார் 8 கிலோமீட்டர். அகலம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். 25 அடி நடந்தால் ஓர் அடிக்கு மேல் ஏறாத சாய்வு. படத்தில் உயரத்தை மட்டும் 22.5 மடங்கு இழுத்துவிட்டார்கள். மறைக்கவில்லை, குறிப்பில் எழுதியே வைத்தார்கள். படம் ஊர் ஊராய்ப் போயிற்று. குறிப்பு வீட்டிலேயே தங்கிவிட்டது.

நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைக் காண ஆராய்ச்சியாளருக்கு இந்த இழுப்பு உதவுகிறதென்பதை ஒப்புக்கொள்கிறோம். இறங்கப் போகிறவனுக்கு? 2019-ல் சந்திரயான்-2-இன் இறங்கு கலம் சந்திரனில் மோதி நொறுங்கிற்று. சுற்றுகலம் மட்டும் பணியைத் தொடர்ந்தது. அதன் கூரிய காமிரா, புள்ளிக்குச் சுமார் கால் மீட்டர் வீதம் இரு கோணங்களில் எடுத்த படங்களைக் கொண்டே அடுத்த கலத்துக்கு இடம் ஆராய்ந்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை சந்திரயான்-3 நான்கு காலூன்றி நின்றது. அந்தக் கணக்கில் 22.5 மடங்குக்கு இடம் ஏது?

இத்தகைய படங்களை வெளியிடுவோர், உயரத்தை எத்தனை மடங்கு இழுத்தார்கள், எங்கெங்கே அடைத்தார்கள் என்பதைப் படத்தின் அடியிலேயே அச்சிட வேண்டுமென்பது நமது கோரிக்கை. இடமில்லை என்பார்கள். மலையை அரை அங்குலம் குறைத்தால் இடம் கிடைக்கும்.