ஒரே தலையை நான்கு பந்தியில் எண்ணாதீர்!

நெய்வேலியில், வடக்குத்தை ஒட்டிய ஆர்ச் கேட்டில் இரவு பத்து மணிக்கு நின்று பாருங்கள். சூட்கேஸும் கட்டைப்பையும் கைக்குழந்தையுமாகச் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் விமானம் ஏறப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் எத்தனை பேர், எந்த ஊருக்குப் பறக்கிறார்கள்? இந்தக் கணக்கை மக்கள் முன் வைக்காமலேயே நெய்வேலிக்கு விமானம் வரும் என்று அறிவித்தது மத்திய அரசு.

2017இல், சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே நெய்வேலி–சென்னை தடம் ஒதுக்கப்பட்டது. மூன்றாண்டு ஒப்பந்தக் காலம் கடந்தும் விமானம் வரவில்லை. இது நெய்வேலியின் துரதிர்ஷ்டம் அல்ல, திட்டத்தின் கோளாறு. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 403இல் சேவையே தொடங்கவில்லை என்று 2023இல் தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கை தந்தார். தொடங்கிய 371இல் ஒப்பந்தக் காலத்தை முடித்தவை 112 மட்டுமே. இதற்குப் பிறகும் ஊர் ஊராக அறிவிப்பு விடுவது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

வடக்கே புதுச்சேரியில் 2024 டிசம்பரில் மீண்டும் விமானம் இறங்கியது. திருச்சியில் ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்கான புதிய முனையம் இயங்குகிறது. பரந்தூரில் வரவுள்ள விமான நிலையத்துக்கு 10 கோடி பேர் என்கிறார்கள். இவற்றோடு நெய்வேலியையும் தனித்தனியே கணக்கிட்டால், ஆர்ச் கேட்டில் நிற்கும் அதே பயணி நான்கு பந்தியிலும் எண்ணப்படுவார். விக்கிரவாண்டி–தஞ்சை நான்குவழிச் சாலை முழுமையானால் அவர் காரிலேயே போய்விடவும் கூடும். கட்டணம், பயண நேரம், சாலை, ரயில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காத மதிப்பீடு வெறும் ஊகம். கணக்கு மிகுந்தால் பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரத்து உழவர் நிலம் போகும். குறைந்தால் நெய்வேலிப் பயணி நள்ளிரவில் பஸ்ஸுக்கு நிற்பார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த இந்த ஊர் மக்களுக்கு, போன நிலம் திரும்பாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விமானப் போக்குவரத்து அமைச்சகமும் தமிழக அரசும் இந்தப் போக்கை உடனே திருத்திக்கொள்ள வேண்டும். வட்டார விமான நிலையங்கள் அனைத்துக்கும் ஒரே கூட்டு மதிப்பீடு செய்யுங்கள். குறைந்த, நடுத்தர, உயர்ந்த வளர்ச்சி என மூன்று நிலைகளிலும் கணக்கிட்டு, அடிப்படைத் தரவுகளோடு தமிழில் வெளியிடுங்கள். ஆண்டுதோறும் உண்மைப் பயணி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அதுவரை புதிய அறிவிப்பு ஒன்றுகூட வேண்டாம்.